அறுபதுக்குப் பிறகு மூளையின் ஒயரிங்: 12 வாரப் பயிற்சியை வீட்டிலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

அம்மாவுக்கு 68 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காபி டம்ளரும் நாளிதழுமாக உட்கார்ந்தால், கடைசிப் பக்கத்து டெண்டர் விளம்பரம் வரை ஒன்றையும் விடமாட்டார். மத்தியானம் கேட்டால் எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை கோடி என்று எல்லாம் வரும். "சரிம்மா, இதனால என்ன ஆகப்போகுது?" என்று கேட்டால் மட்டும் ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் "அதான் சொன்னேனே" என்று மறுபடி விவரத்துக்கே போய்விடுவார்.

ஞாபகம் குறைகிறதோ என்ற பயத்தில் தினமும் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் அவருக்காக ஒரு 'மூளை விளையாட்டு' செயலிக்குச் சந்தா கட்டினேன். மூன்றே வாரத்தில் அந்த விளையாட்டில் அம்மா புலி ஆகிவிட்டார். கேஸ் புக் பண்ணினோமா இல்லையா என்பது மட்டும் முன்போலவே மறந்தது. வருஷம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டு கார்டில் பணம் எடுத்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். அம்மாவை அமைதியாக்கிய அந்தக் கேள்வியில்தான் பயிற்சியே இருக்கிறது என்று புரிந்தது. கீழே வருவது ஆரோக்கியமாக இருக்கும், 55 அல்லது 60 வயதைத் தாண்டியவர்களுக்கானது. மறதி நோய் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இது அதற்குச் சிகிச்சை ஆகாது.

முதலில், 'இணைப்பு' என்று எதைச் சொல்கிறார்கள்?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இணைப்பை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று நிஜமான ஒயர்: ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கட்டுக்கட்டாக ஓடும் நரம்பிழைகள். இதற்கு வெண்பொருள் என்று பெயர். இன்னொன்று, தூரத்தில் இருக்கும் பகுதிகள் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம்.

இரண்டாவதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் தெருவில் எந்தெந்த வீடுகள் ஒரே ஃபேஸில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள மின்கம்பத்தில் ஏற வேண்டியதில்லை. கரண்ட் போகும்போது எந்த வீடுகள் சேர்ந்து இருட்டாகின்றன என்று மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் போதும். எம்ஆர்ஐ ஸ்கேனில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆளைச் சும்மா படுக்க வைத்து, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஆக்சிஜன் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று கணக்கு.

அப்படிக் கண்டுபிடித்தவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். வெளிவேலை ஏதும் இல்லாமல் பழைய நினைவிலும் நாளைய யோசனையிலும் மனம் திரியும்போது ஓடுவது ஒன்று. 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்பார்கள், நான் செல்லமாகச் 'சும்மா வலை' என்பேன். கவனம் வைத்து, திட்டம் போட்டு, முடிவெடுக்கும்போது ஓடுவது இன்னொன்று. அதை நிர்வாக வலை என்று வைத்துக்கொள்ளலாம்.

வயதாகும்போது ஃபேஸ்கள் குழம்புகின்றன. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது முதல் 89 வயது வரை உள்ள 210 பேரை ஸ்கேன் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வயது ஏற ஏற இந்த வலைகளுக்கிடையே உள்ள பிரிவு மங்குவது தெரிந்தது. ஒரே வலைக்குள் இருக்கும் பிணைப்பு தளர்கிறது. வேறு வேறு வலைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. நோய் இல்லாதவர்களிடமும் இது நடக்கிறது. பிரிவு மங்காமல் இருந்தவர்களுக்கு எந்த வயதிலும் நினைவாற்றல் கொஞ்சம் மேலாக இருந்தது.

பயிற்சி இதை மாற்றுமா?

அதே டாலஸில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மூளை நல மையத்தில் சாண்ட்ரா சாப்மன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 56 முதல் 71 வயது வரை உள்ள ஆரோக்கியமான 37 பேர். 18 பேருக்கு 12 வாரம் சிந்தனைப் பயிற்சி, 19 பேர் காத்திருப்புப் பட்டியலில். தொடக்கத்தில், பாதியில், முடிவில் என்று மூன்று முறை ஸ்கேன். பயிற்சி பெற்றவர்களுக்குச் சும்மா படுத்திருக்கும்போதே மூளையின் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. மேலே சொன்ன இரண்டு வலைகளுக்குள்ளும் பிணைப்பு கூடியிருந்தது. ஒயரிலும் ஒரு மாற்றம்: நெற்றிப் பக்கத்தையும் காதுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு நரம்புக்கட்டு, இடது மூளையில், நன்றாகச் சீரடைந்திருந்தது. இது 2015-இல் 'செரிப்ரல் கார்டெக்ஸ்' இதழில் வந்தது.

ஆட்கள் 37 பேர்தான் என்பதை மறக்க வேண்டாம். காத்திருந்தவர்களுக்கு வாரா வாரம் வகுப்பு, பேச்சுத்துணை என்று எதுவும் கிடைக்கவில்லை. பலனில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு கூட்டத்தோடு கலந்து பழகியதால் என்று முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம், அங்கே சொல்லிக்கொடுத்த பாடம். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. படித்ததில் எதை விடுவது, மீதியை எப்படிச் சேர்த்து ஒரு கருத்தாக்குவது, அதை எத்தனை கோணத்தில் திருப்பிப் பார்ப்பது என்ற மூன்றைத்தான் பழக்கினார்கள்.

மனப்பாடப் பயிற்சிக்கு என்ன பலன் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு. முதல் முடிவு 2002-இல் வந்தது. நினைவுப் பயிற்சி, காரண காரிய யோசனைப் பயிற்சி, பார்த்ததைச் சட்டென்று கிரகிக்கும் வேகப் பயிற்சி என்று மூன்று குழு, பயிற்சி இல்லாத ஒரு குழு. பயிற்சி முடிந்த கையோடு சோதித்ததில் வேகக் குழுவில் 87 சதவீதம் பேர் முன்னேறியிருந்தார்கள், யோசனைக் குழுவில் 74, நினைவுக் குழுவில் வெறும் 26. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது முதல் இரண்டின் பலன் மிச்சம் இருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்திருந்தது.

சுடோகு போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. போட்டால் சுடோகு நன்றாக வரும், அவ்வளவே.

படி 1: தொடங்கும் முன் ஒரு பரிசோதனை

மறதிக்கு மூளைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு நேரே பயிற்சிக்குப் போகாதீர்கள். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் தலையை மந்தமாக்கும். போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வும் மறதி மாதிரியே வேஷம் போடும்.

காது முக்கியம். நம் வீடுகளில் கண்ணாடி போடுவதற்கு இல்லாத வெட்கம் காது மெஷினுக்கு இருக்கிறது. பாதிதான் காதில் விழுகிறது என்றால் பாதிதான் மூளைக்குப் போகும், அதில் மறக்க என்ன இருக்கிறது? 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், மறதி நோயில் சுமார் 45 சதவீதம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொல்லி 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமையும் சரிசெய்யாத பார்வைக் குறைவும் அதில் உண்டு.

படி 2: தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள்

அரைப் பக்கக் கட்டுரை ஒன்றை ஒருமுறை படியுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததைச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். தேதியோடு சேமித்து வையுங்கள், கேட்டுப் பார்க்க வேண்டாம். 12 வாரம் கழித்து இது தேவைப்படும். கட்டுரையையும் பத்திரமாக வையுங்கள். நாங்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு துணையும் பிடியுங்கள். டாலஸில் வாரம் ஒரு முறை சிறு குழுவாக உட்கார்ந்தார்கள், மீதி வீட்டுப்பாடம். நான் கீழே சொல்வது அவர்கள் பாடத்திட்டத்தின் நகல் இல்லை; அந்த மூன்று தத்துவத்தையும் எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி நாங்கள் அமைத்துக்கொண்டது. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை.

படி 3: முதல் நான்கு வாரம், விடப் பழகுதல்

காலையில் அன்றைக்கு முடிக்க வேண்டிய இரண்டே இரண்டு முக்கிய வேலைகளை நோட்டில் எழுதுங்கள். பத்து எழுதினால் அது பட்டியல், பயிற்சி கிடையாது. அந்த வேலையைச் செய்யும்போது டிவி அணைந்திருக்க வேண்டும், போன் வேறு அறையில் இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஒரே வேலை. முடிந்ததும் ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் திண்ணையிலோ பால்கனியிலோ உட்காருங்கள். வாட்ஸ்அப் பார்ப்பது ஓய்வில் சேராது. சும்மா வலைக்கு இந்த ஐந்து நிமிடம் தேவை.

இதைச் சொன்னதும் அம்மா மடக்கினார்: "அப்போ சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயத்தை ஒரே நேரத்துல கவனிச்சாரே?" நியாயமான கேள்விதான். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். அது இளமையிலிருந்து பழகிய கலை. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே போனில் பேசுவதோடு அதைச் சேர்க்க முடியாது. இரட்டை வேலையையே பயிற்சியாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் 60 முதல் 85 வயதுக்காரர்களை ஒரு கார் ஓட்டும் வீடியோ கேமை ஒரு மாதம் ஆட வைத்து, கவனம் கூடியதை 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஆனால் அது அதற்கென்றே ஆய்வகத்தில் வடிவமைத்த விளையாட்டு. வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

இரண்டாம் வாரத்திலிருந்து நாளிதழுக்கு வாருங்கள். ஒரு செய்தி, ஒரு பேனா. தேவையில்லாத வரிகளை அடிக்க வேண்டும். பாதிக்கு மேல் அடிபட வேண்டும் என்பதே விதி. ஆசிரியைக்கு இது மகா கஷ்டம். "எல்லாமே முக்கியமாத்தானே இருக்கு, எதை விடறது?" என்று முதல் நாள் ஒரு வரியைக்கூட அடிக்காமல் நோட்டை மூடிவிட்டார். அந்தக் கஷ்டம் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 4: ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை, சாரம் எடுத்தல்

மொத்தப் பயிற்சியின் உயிர் இந்தப் படியில் இருப்பதால் ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்தே பார்ப்போம். ஜூன் மாதம் வழக்கமாக வரும் ஒரு செய்தி, எண்கள் மாதிரிக்கு:

'மேட்டூர் அணை இன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. நீர்மட்டம் 108 அடி. அணைக்கு வினாடிக்கு 6,000 கன அடி வருகிறது. முதலில் 3,000 கன அடி திறந்து, படிப்படியாக 10,000 கன அடியாக உயர்த்தப்படும். குறுவைச் சாகுபடிக்கு வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியே தண்ணீர் கிடைத்ததால் டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்துள்ளனர். அதிகாரிகள் மலர் தூவினர்.'

அம்மாவின் முதல் முயற்சி இதே பத்தியைத் திருப்பி எழுதியது, மலரைக்கூட விடவில்லை.

இரண்டாவது முயற்சி: 'மேட்டூர் அணை திறந்தாச்சு, குறுவைக்குத் தண்ணீர் வருது.' நல்ல சுருக்கம். ஆனால் சுருக்கம் வேறு, சாரம் வேறு. சுருக்கத்தில் செய்திக்குள் இருப்பது மட்டும் இருக்கும். சாரத்தில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததும் கலக்க வேண்டும். அதற்குத்தான் 'அதனால என்ன?' என்ற கேள்வி.

கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஜூன்ல விட்டாத்தான் ஐப்பசி மழைக்கு முன்னாடி அறுக்கலாம். ஒரு மாசம் தள்ளிப்போனா கதிரு முத்தும்போது மழை பிடிச்சுக்கும். தண்ணி எவ்வளவுங்கறதைவிட என்னைக்குங்கறதுதான் செய்தி." இந்த ஐப்பசி மழை செய்தியில் எங்குமே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாத்தா வீட்டு ஞாபகத்திலிருந்து வந்தது. பழைய நினைவும் இன்றைய செய்தியும் ஒன்றாக உட்காரும் இந்த இடத்தைத்தான் தேடுகிறோம்.

இன்னொரு தரம் 'அதனால என்ன?' கேட்டதும் சிரித்துவிட்டார். "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கின லோன் மாதிரிதான். கல்யாணம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு பேங்க்ல போட்டான்." அணைச் செய்தி எங்கே, வீட்டுக் கடன் எங்கே, நடுவில் ஒரு பாலம் விழுந்துவிட்டது. நோட்டில் அன்றைக்கு எழுதியது ஒரே வரி.

ஆக, செய்ய வேண்டியது இது: படியுங்கள், அடியுங்கள், தாளைக் கவிழ்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள், 'அதனால என்ன?' என்று இரண்டு முறை கேளுங்கள், கடைசியாக உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். செய்தி அலுத்தால் கோயில் சொற்பொழிவு, யூடியூப் பேட்டி, பேரனின் பாடப் புத்தகம் என்று மாற்றுங்கள். சுலபமாக வர ஆரம்பித்தால் கனமான விஷயத்துக்குப் போங்கள்.

படி 5: கடைசி நான்கு வாரம், திருப்பிப் பார்த்தல்

எடுத்த சாரத்தையே வேறு ஆளின் இடத்தில் நின்று எழுதுங்கள். அதே அணைத் தண்ணீரை ஒரு மின்வாரியப் பொறியாளர் எப்படிப் பார்ப்பார்? அணையில் மீன் பிடிப்பவர்? கடைமடை விவசாயி? ஒரு செய்திக்கு மூன்று வரி, மூன்று பேர்.

எங்கள் வீட்டில் இது சீரியலில்தான் சூடு பிடித்தது. வில்லியின் பக்கத்து நியாயத்தை ஐந்து வரியில் எழுத வேண்டும் என்றேன். அம்மா ஒரு பக்கம் எழுதினார்.

படி 6: கூடவே காலையும் நடக்க விடுங்கள்

உட்கார்ந்து யோசிப்பதால் எல்லாம் ஆகிவிடாது. சாப்மன் குழுவே பிறகு, ஒரு பக்கம் சிந்தனைப் பயிற்சி, இன்னொரு பக்கம் உடற்பயிற்சி என்று பிரித்துப் பார்த்தது. யோசனையில் முன்னேறியது முதல் குழு. நினைவில் முன்னேறியது இரண்டாவது. இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன.

நடைக்கு வலுவான சான்று 2011-இல் வந்தது. 120 முதியவர்கள், பாதிப் பேர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள், மீதிப் பேர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். ஒரு வருஷத்தில் நடந்தவர்களுக்கு நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சுருங்கியது. மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அந்த வேகம் சரி. மூட்டு வலி, இதயப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கைத்தொழிலும் நல்லது, ஆனால் புதிதாகக் கற்பதாக இருக்க வேண்டும். 60 முதல் 90 வயதுக்காரர்கள் மூன்று மாதம், வாரம் 15 மணி நேரம் அளவுக்கு டிஜிட்டல் புகைப்படமோ ஒட்டுத்துணித் தையலோ கற்றுக்கொண்டபோது நினைவு மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. நாற்பது வருஷமாகப் போடும் கோலத்தையே போட்டால் கை மட்டும் வேலை செய்யும். புள்ளி எண்ணிக்கையை மாற்றிச் சிக்குக் கோலத்தைப் புதிதாகப் பிடியுங்கள்.

தியானம்? பிரான்சில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 18 மாதம் தியானப் பயிற்சி கொடுத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பார்த்த மூளைப் பகுதிகளின் அளவில் மாற்றம் இல்லை. மனம் அமைதியாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மூளை வளரும் என்று காசு கேட்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

உங்கள் மூளையில் இணைப்பு கூடியதா என்று வீட்டில் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் தெரியாது. மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் பலரின் சராசரி. ஒரு ஆளின் ஸ்கேனை வைத்து 'உங்கள் இணைப்பு இத்தனை சதவீதம்' என்று எவராவது சான்றிதழ் கொடுத்தால் வெளியே வந்துவிடுங்கள். 2016-இல் லுமோசிட்டி என்ற பிரபல விளையாட்டுச் செயலியின் நிறுவனம், ஆதாரமில்லாமல் மறதியைத் தடுக்கும் என்ற பாணியில் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. தினமும் போகும் கடைத் தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கணக்குப் பார்த்துப் பழகியவர் பால் கணக்கில் தடுமாறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பது, இவை வேறு. அப்போது நோட்டை மூடிவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

12 வாரம் முடிந்ததும்

பழைய பதிவை எடுங்கள். அதே மாதிரி இன்னொரு கட்டுரையைப் படித்துச் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அம்மாவின் பழைய பதிவு ஆறு நிமிடம் ஓடியது, புதியது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. எழுதிய ஆள் எதைச் சொல்லாமல் தாண்டிப் போனார் என்பதும் அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது. கேஸ் புக் பண்ணுவது இன்னும் மறக்கிறது. அதைக் காலண்டரில் எழுதிவிடுகிறோம்.

ஆக்டிவ் ஆய்வில் 11-ஆம் மாதமும் 35-ஆம் மாதமும் சிலருக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். நாங்களும் தை மாதக் காலண்டர் தாளில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இதற்கிடையில் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அம்மாவிடம் காட்டினேன். சிவப்பு மையில் மூன்று பத்தியை அடித்து, ஓரத்தில் 'அதனால என்ன?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.